மன்னிக்கும் உரிமை யாருக்கு? – கொலைகள் பெருகிய நாடுகளும் தணிந்த நாடுகளும்





சில வாரங்களுக்கு முன், அஸர் தொழுகைக்குப் பின் நடைபெறும் வகுப்பில், ஆதம் (அலை) அவர்களின் இரு புதல்வர்களின் வரலாற்றை மாணவர்களுக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். மண்ணில் சிந்தப்பட்ட முதல் மனித இரத்தம் அது. பாடம் முடியும் தறுவாயில் பன்னிரண்டு வயது மாணவர் ஒருவர் எழுந்து, தாம் கைப்பேசியில் பார்த்த ஒரு காணொளியைப் பற்றிக் கேட்டார். தலை மழிக்கப்பட்டு, உடலெங்கும் பச்சை குத்தப்பட்டு, வெள்ளை அரைக்கால் சட்டை மட்டும் அணிந்த ஆயிரக்கணக்கான கைதிகள், கைகள் பின்னால் பிணைக்கப்பட்டு, வரிசை வரிசையாகக் குனிந்து அமர்த்தப்பட்டிருக்கும் காட்சி அது. மத்திய அமெரிக்காவிலுள்ள எல் சால்வடார் என்னும் சிறிய நாட்டின் சிறைச்சாலை.

"ஹஜ்ரத், சில நாட்டுல மட்டும் ஏன் இவ்வளவு கொலை நடக்குது? அவங்க எல்லாரும் பொறக்கும்போதே இப்படித்தானா?"

நான் தயங்காமல் விடை சொன்னேன். "ஈமான் இல்லாத இடத்தில் இப்படித்தான் நடக்கும்." மாணவர் தலையசைத்து அமர்ந்துவிட்டார். வீட்டுக்கு நடக்கும்போது என் உள்ளம் அமைதியடையவில்லை. அறியாத ஒன்றைப் பற்றி அறிந்தவனைப் போலப் பேசிவிட்டேன். அதன் பின் அந்த நாட்டின் வரலாற்றையும், அதைப் போன்ற வேறு சில நாடுகளின் வரலாற்றையும் தேடிப் படித்தேன். அந்த மாணவருக்கு நான் கொடுத்திருக்க வேண்டிய விடையே இக்கட்டுரை.

என் விடை ஏன் தவறானது?

ஒரு நாட்டில் ஓராண்டில் லட்சம் மக்களுக்கு எத்தனை பேர் கொல்லப்படுகின்றனர் என்பதே ஆய்வாளர்கள் கையாளும் அளவுகோல். உலகச் சராசரி ஏறத்தாழ 6. ஜப்பானில் இந்த எண் 0.3-ஐக்கூட எட்டுவதில்லை. எல் சால்வடாரில் 2015-ஆம் ஆண்டில் அது 100-ஐத் தாண்டியது. அறுபது லட்சத்துக்குச் சற்று மேற்பட்ட மக்கள் வாழும் அந்நாட்டில், அந்த ஓராண்டில் மட்டும் 6,600-க்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டனர்.

ஈமான் குறைந்ததுதான் காரணம் என்றால், தமக்கென்று மதம் எதுவும் இல்லை என்று மக்களில் பெரும்பாலோர் கூறும் ஜப்பானில் அல்லவா கொலைகள் மலிந்திருக்க வேண்டும்? எல் சால்வடார் மக்களோ ஆழ்ந்த கிறிஸ்தவப் பற்றுடையவர்கள். அவர்களின் தேவாலயங்கள் நிரம்பி வழிகின்றன. கொலைக் கும்பலிலிருந்து உயிரோடு விலக விரும்பும் இளைஞன் ஒரு திருச்சபையில் சேர்ந்து உண்மையாக மனந்திரும்பினால், கும்பல்களே அவனை விட்டுவிடும் வழக்கம்கூட அங்கிருந்தது. இறையச்சம் என்ற சொல்லே அறியாத மக்கள் அல்லர் அவர்கள்.

வறுமைதான் காரணம் என்பாரும் உளர். ஆனால் அருகிலுள்ள நிகரகுவா, எல் சால்வடாரைவிட ஏழை நாடு. 2015-ஐ ஒட்டிய ஆண்டுகளில் அங்குக் கொலை விகிதம் எல் சால்வடாரின் விகிதத்தில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்காகவே இருந்தது. நாடுகளில் மக்கள்தொகையில் நான்காமிடத்திலிருக்கும், முஸ்லிம்கள் பெரும்பான்மையாக வாழும் இந்தோனேசியாவின் அரசுப் பதிவுகளில் இந்த விகிதம் 1-ஐயும் எட்டவில்லை.

இனம், இரத்தம், பிறவிக் குணம் என்ற விளக்கமும் நிற்காது. பதின்மூன்றாம், பதினான்காம் நூற்றாண்டுகளின் இங்கிலாந்தில் மரண விசாரணை அதிகாரிகள் எழுதிவைத்த ஏடுகளை வரலாற்று ஆய்வாளர்கள் கணக்கிட்டுள்ளனர். அன்று அங்கு லட்சத்துக்கு ஏறத்தாழ 20 பேர் கொல்லப்பட்டனர். மாணவர்கள் நிறைந்த ஆக்ஸ்ஃபோர்டு நகரில் அது பன்மடங்கு அதிகம். இன்று அதே இங்கிலாந்தில் இந்த எண் 1-ஐ ஒட்டியே நிற்கிறது. மக்கள் அதே மண்ணின் வழித்தோன்றல்கள்தாம். அன்று அவமதிக்கப்பட்டவன் இடுப்பிலிருந்த கத்தியை எடுத்தான். பல நூற்றாண்டுகளின் போக்கில், அவனுடைய பேரர்கள் வழக்கு மன்றத்தின் வாசலுக்குச் செல்லக் கற்றுக்கொண்டனர்.

அப்படியாயின், அந்த வாசல் மூடப்பட்ட நாட்டில் என்ன நிகழும்? எல் சால்வடாரின் வரலாறு இக்கேள்விக்கான விடையை விரிவாகவே சொல்கிறது.

விசாரிக்கப்படாத இரத்தம்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் எல் சால்வடாரின் பூர்வகுடி மக்கள் பொதுவில் வைத்துப் பயிரிட்ட நிலங்கள் சட்டத்தின் மூலம் ஒழிக்கப்பட்டன. அவை காப்பித் தோட்டங்களாயின. ஒருசில குடும்பங்களின் கையில் நாடே குவிந்தது. 1932-ஆம் ஆண்டு ஜனவரியில் மேற்குப் பகுதி உழவர்கள் கிளர்ந்தெழுந்தனர். இராணுவ ஆட்சியாளர் மாக்சிமிலியானோ எர்னாண்டஸ் மார்த்தினெஸின் படைகள் சில வாரங்களில் பத்தாயிரம் முதல் முப்பதாயிரம் பேர் வரை கொன்றன என்பது வரலாற்றாசிரியர்களின் மதிப்பீடு. மாண்டவர்களில் பெரும்பாலோர் பூர்வகுடியினர். எஞ்சியோர் அஞ்சித் தம் உடையையும் மொழியையும் மறைத்துக்கொண்டனர். அப்படுகொலைக்காக எவரும் நீதிமன்றக் கூண்டில் ஏற்றப்படவில்லை.

அரை நூற்றாண்டுக்குப் பின், 1980 மார்ச் 24 அன்று, ஏழைகளுக்காகக் குரல்கொடுத்து வந்த பேராயர் ஆஸ்கர் ரொமேரோ, வழிபாடு நடத்திக்கொண்டிருந்தபோது சுட்டுக் கொல்லப்பட்டார். அவ்வழக்கை விசாரிக்க முற்பட்ட நீதிபதியையே கொல்ல முயன்றனர். அவர் நாட்டை விட்டுத் தப்பியோடினார். அதன் பின் மூண்ட உள்நாட்டுப் போர் 1992 வரை நீடித்து, ஏறத்தாழ 75,000 உயிர்களைக் குடித்தது. அமெரிக்க அரசு, எல் சால்வடார் இராணுவத்துக்குப் பெரும் பொருளுதவியும் பயிற்சியும் அளித்தது. 1981 டிசம்பரில் எல் மொசோத்தே என்னும் சிற்றூரிலும் அதன் சுற்றுப்புறங்களிலும், அமெரிக்கப் பயிற்சி பெற்ற படைப்பிரிவொன்று ஏறத்தாழ ஆயிரம் பேரைக் கொன்றது. அவர்களில் பல நூறு பேர் குழந்தைகள். அப்படியொன்று நடக்கவேயில்லை என்று அரசு மறுத்தது. 1992-இல் மண்ணைத் தோண்டியபோது குழந்தைகளின் எலும்புகள் வெளிப்பட்டன.

அவ்வாண்டு ஜனவரியில் சமாதான உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. ஐக்கிய நாடுகள் சபையின் உண்மை அறியும் ஆணையம் 22,000-க்கும் மேற்பட்ட முறையீடுகளைப் பெற்றது. அவற்றில் ஏறத்தாழ 85 விழுக்காடு அரசுப் படைகளையும் அவற்றைச் சார்ந்த கொலைக் குழுக்களையும் குற்றஞ்சாட்டின. 1993 மார்ச் 15 அன்று ஆணையத்தின் அறிக்கை வெளியாயிற்று. ஐந்து நாள்கள் கழித்து, நாட்டின் சட்டமன்றம் பொதுமன்னிப்புச் சட்டமொன்றை நிறைவேற்றியது. எவர் எவரைக் கொன்றிருந்தாலும் வழக்கு இல்லை, விசாரணை இல்லை.

இங்கே சற்று நின்று சிந்திக்க வேண்டுகிறேன். மன்னிப்பு என்ற சொல் இனிமையானது. ஆனால் அச்சட்டத்தில் மன்னித்தவர் யார்? எல் மொசோத்தேயில் பிள்ளைகளை இழந்த தாயிடம் எவரும் கேட்கவில்லை. அதிகாரத்தில் இருந்தவர்கள் தங்களுக்கும் தங்களைச் சார்ந்தோருக்கும் தாங்களே மன்னிப்பு வழங்கிக்கொண்டனர். அந்நாட்டு உச்ச நீதிமன்றம் அச்சட்டம் செல்லாதென்று தீர்ப்பளிக்க 2016 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஒரு தலைமுறை முழுவதும், கொன்றவன் கேட்பாரற்று வாழலாம் என்னும் பாடத்தைத் தெருவில் கண்கூடாகக் கற்றது.

அப்பாடத்தைக் கற்க வந்தவர்களில் ஒரு சாரார் வெளியிலிருந்து வந்தனர். போருக்கு அஞ்சி லட்சக்கணக்கானோர் அமெரிக்காவுக்கு ஓடியிருந்தனர். லாஸ் ஏஞ்சல்ஸ் நகரின் ஏழ்மையான தெருக்களில் வளர்ந்த அகதிச் சிறுவர்கள் சிலர், அங்கு ஏற்கெனவே இருந்த பதினெட்டாம் தெருக் கும்பலில் சேர்ந்தனர். வேறு சிலர் மாரா சல்வத்ருச்சா என்ற பெயரில் தமக்கென ஒரு கும்பலை அமைத்தனர். போர் ஓய்ந்ததும், குறிப்பாக 1996-இல் அமெரிக்கா குடியேற்றச் சட்டத்தைக் கடுமையாக்கிய பின்னர், குற்றத் தண்டனை பெற்றோர் ஆயிரக்கணக்கில் எல் சால்வடாருக்கு நாடு கடத்தப்பட்டனர். பலருக்கு அந்நாடு நினைவில்கூட இல்லை. வேலை இல்லை, குடும்பம் இல்லை. போரில் எஞ்சிய துப்பாக்கிகள் மட்டும் தாராளமாகக் கிடைத்தன. காவல்துறையோ அப்போதுதான் புதிதாக அமைக்கப்பட்டிருந்தது. தந்தையைப் போரில் இழந்த, அல்லது தாய் வெளிநாட்டில் வீட்டுவேலை செய்ய, பாட்டியிடம் வளர்ந்த சிறுவர்களுக்கு அக்கும்பல்கள் குடும்பமாயின. பேருந்து ஓட்டுநர் முதல் ரொட்டி விற்கும் பெண் வரை அனைவரும் அவர்களுக்குக் கப்பம் கட்டினர். கட்ட மறுத்தவர் கொல்லப்பட்டார். கண்டவர் சாட்சி சொல்லவில்லை; சொன்னால் காப்பாற்ற ஆளில்லை என்பதை அவர் அறிந்திருந்தார்.

2003 முதல் அரசுகள் இரும்புக்கரத்தை ஓங்கின. பச்சை குத்தியிருந்த இளைஞர்கள் கூட்டம் கூட்டமாகப் பிடிக்கப்பட்டனர். எந்தக் கும்பலுக்கு எந்தச் சிறை என்று பிரித்து அடைத்ததால், சிறைகளே அக்கும்பல்களின் தலைமையகங்களாயின. 2012-இல் கும்பல்களுக்கிடையே போர்நிறுத்தம் ஏற்பட்டபோது கொலைகள் ஏறத்தாழ பாதியாயின. அது முறிந்தபின் வந்ததே மேலே குறிப்பிட்ட 2015-ஆம் ஆண்டு.

2022 மார்ச்சில், ஒரே நாளில் 62 பேர் கொல்லப்பட்டதைத் தொடர்ந்து, அதிபர் நயீப் புகேலேயின் வேண்டுகோளின்படி சட்டமன்றம் நெருக்கடி நிலையைப் பிறப்பித்தது. 80,000-க்கும் மேற்பட்டோர் கைது செய்யப்பட்டனர். 40,000 பேரை அடைக்கும் பெருஞ்சிறை கட்டப்பட்டது. என் மாணவர் பார்த்த காணொளி அங்கிருந்து வந்ததே. புகேலேயின் தந்தை பாலஸ்தீன வம்சாவளியினர். இஸ்லாத்தைத் தழுவி இமாமாகவும் பணியாற்றியவர். இச்செய்தியைச் சேர்த்து அக்காணொளிகளைப் பெருமிதத்தோடு பகிர்வோர் நம்மிலும் உண்டு.

நியாயமாகப் பேசுவோம். கொலைகள் உண்மையிலேயே வெகுவாகக் குறைந்தன. 2023-இல் லட்சத்துக்கு 2.4 என்கிறது அந்நாட்டு அரசு. கப்பம் கட்டாமல் கடை திறக்கும் வியாபாரியின் நிம்மதியை, தொலைவில் பாதுகாப்பாக அமர்ந்திருக்கும் நாம் சிறுமைப்படுத்தக் கூடாது. ஆயினும் வயது வந்தோரில் நூற்றில் ஒருவருக்கும் மேற்பட்டோர் சிறையிலிருக்கும் நாடு அது. வழக்கறிஞரைக் காணாமலேயே மாதக்கணக்கில் அடைபட்டோர் பலர். சிறையிலேயே இறந்தோர் நூற்றுக்கணக்கில் உள்ளனர் என்று மனித உரிமை அமைப்புகள் பதிவு செய்துள்ளன. சில ஆயிரம் பேர் குற்றமற்றவர்கள் என விடுவிக்கப்பட்டதை அரசே ஒப்புக்கொண்டுள்ளது. குற்றமற்ற மகனுக்காகச் சிறைவாசலில் நிற்கும் தாய் எங்கே முறையிடுவாள்? எல் மொசோத்தேயின் தாய்க்கும் இதே கேள்விதான் இருந்தது. கும்பல்கள் அடக்கப்பட்டன. முறையீட்டைக் கேட்கும் நீதிமன்றம் இன்னும் கட்டப்படவில்லை.

கொசோவோவில் நடந்தது

இதற்கு நேர்மாறான வரலாறு ஒன்றை ஐரோப்பாவில் காண்கிறோம். அல்பேனிய மொழி பேசும் மலைநாட்டு மக்களிடையே பல நூற்றாண்டுகளாக 'கனூன்' என்னும் வாய்மொழிச் சட்டம் வழங்கிவந்தது. நாம் அறிந்த 'கானூன்' என்ற அதே சொல்தான். அரசனின் கை எட்டாத மலைகளில் அதுவே நீதிமன்றமாயிருந்தது. ஒரு குடும்பத்தில் ஒருவர் கொல்லப்பட்டால், கொன்றவன் குடும்பத்து ஆணொருவனின் இரத்தம் அதற்கு ஈடு. வீட்டுக்குள் இருப்பவனைக் கொல்லக் கூடாது என்பது விதி. அதனால் பழிக்கு இலக்கான ஆண்கள் ஆண்டுக்கணக்கில் வீட்டை விட்டு வெளியேறாமல் அடைபட்டுக் கிடந்தனர். நிலம் பயிரின்றிக் கிடந்தது.

1989-இல் கொசோவோவின் தன்னாட்சி பறிக்கப்பட்டது. ஆட்சியும் நீதிமன்றமும் தமக்கு எதிரானவை என்று மக்கள் உணர்ந்த வேளை. ஒரு பக்கம் அரசின் அடக்குமுறை, மறுபக்கம் தமக்குள்ளேயே இரத்தப் பழி. 1990-இன் தொடக்கத்தில் மாணவர்கள் சிலர், இப்பழிகளை முடிவுக்குக் கொண்டுவர எண்ணி, நாட்டுப்புற வழக்காறுகளின் பேராசிரியரான அன்டோன் செட்டாவை அணுகினர். முதியவரான அவர் கத்தோலிக்கர். மக்களில் பெரும்பாலோர் முஸ்லிம்கள். ஆலிம்களும் பாதிரியார்களும் ஆசிரியர்களும் அவருடன் இணைந்தனர்.

அவர்கள் செய்த வேலை எளியது, ஆனால் கடினமானது. உறவினரைப் பறிகொடுத்த வீடுகளுக்குச் சென்றனர். தந்தையின் எதிரே, சகோதரனின் எதிரே, தாயின் எதிரே அமர்ந்தனர். மறுத்தால் திரும்பி வந்து, மறுபடியும் சென்றனர். கொன்றவன் வீட்டில் போய், "உனக்கு மன்னிப்பு" என்று அவர்கள் அறிவித்துவிடவில்லை. இழந்தவனின் நாவிலிருந்து அச்சொல் வரும்வரை காத்திருந்தனர். 1990 மே 1 அன்று வெராத் எ லூக்ஸ் என்னும் புல்வெளியில் லட்சக்கணக்கானோர் திரண்டனர். மக்கள் முன்னிலையில் ஒவ்வொரு குடும்பத் தலைவராக எழுந்து, எதிரியின் கையைப் பற்றினார். ஆட்சியாளர்கள் இத்தகைய கூட்டங்களைத் தடை செய்தனர். ஆயினும் 1992-க்குள் ஏறத்தாழ ஆயிரம் இரத்தப் பழிகள் தீர்த்துவைக்கப்பட்டன என்று மதிப்பிடப்படுகிறது.

எல்லைக்கு அப்பால் அதே மொழி பேசும் அல்பேனியாவில் என்ன நடந்தது? கம்யூனிச ஆட்சி இரத்தப் பழியைக் கடுமையாக அடக்கி வைத்திருந்தது. 1991-இல் அவ்வாட்சி வீழ்ந்ததும் வடபகுதி மலைகளில் அது மீண்டும் தலைதூக்கியது. 1997-இல் மோசடி நிதி நிறுவனங்கள் சரிந்து மக்களின் சேமிப்பு அழிந்தபோது, அரசே நிலைகுலைந்தது. ஆயுதக் கிடங்குகள் சூறையாடப்பட்டன. அவ்வாண்டின் குழப்பத்தில் ஏறத்தாழ 2,000 பேர் மாண்டனர். பழைய பழிகளோடு புதியவையும் சேர்ந்தன. அச்சத்தால் மட்டும் அடக்கப்பட்ட பகை, அச்சம் நீங்கிய அன்றே எழுந்து நின்றது. எல் சால்வடாரின் இன்றைய அமைதியைக் காணும்போது இவ்வரலாற்றை நான் நினைக்காமலிருக்க முடியவில்லை.

யத்ரிபின் பாடம்

இவையனைத்தையும் படித்தபின், பலமுறை பாடம் நடத்திய ஸீராவின் பக்கங்களே எனக்குப் புதிதாகத் தெரிந்தன. ஹிஜ்ரத்துக்கு முந்தைய யத்ரிபில் அவ்ஸ், கஸ்ரஜ் கோத்திரத்தார் தலைமுறை தலைமுறையாக ஒருவரையொருவர் கொன்றனர். ஹிஜ்ரத்துக்குச் சில ஆண்டுகளுக்கு முன் நடந்த புஆஸ் போரில் இரு தரப்புத் தலைவர்களும் மாண்டனர். அவர்களுக்கிடையே பொதுவான நீதிபதி என்று எவருமில்லை. அண்ணல் நபி (ஸல்) அவர்கள் அங்கு வந்ததும் ஏற்படுத்திய மதீனா சாசனம் இக்குறையைத்தான் முதலில் நிரப்பியது. தகராறுகளுக்குப் பொதுவான தீர்ப்பிடம் ஏற்பட்டது. குற்றம் செய்தவனுக்கு அவன் உறவினரும் அடைக்கலம் தரக் கூடாது என்றாயிற்று.

ஹிஜ்ரி 10-இல் அரஃபா பெருவெளியில், அறியாமைக் கால இரத்தப் பழிகள் அனைத்தும் ரத்து செய்யப்பட்டன. முதலில் ரத்து செய்யப்பட்டது எது? நபி (ஸல்) அவர்களின் உறவினரான ரபீஆ இப்னுல் ஹாரிஸின் மகனுக்காகக் கோரப்பட வேண்டியிருந்த பழி. கொல்லப்பட்டது தம் குடும்பத்துக் குழந்தை. உரிமை தம் பக்கம் இருந்தது. அதைத்தான் அவர்கள் விட்டுக்கொடுத்தார்கள். 1993-இன் சான் சால்வடார் சட்டமன்றம் செய்தது இதற்கு முற்றிலும் மாறானது.

நம் ஷரீஅத்தில், கொலையுண்டவரின் வாரிசுகளுக்கே மன்னிக்கும் உரிமை உண்டு என்பதை ஃபிக்ஹு பாடத்தில் ஆண்டுதோறும் சொல்லிவருகிறேன். நீதிபதி குற்றத்தை நிலைநாட்ட வேண்டும். பழிக்குப் பழியா, ஈட்டுத்தொகையா, மன்னிப்பா என்பதை வாரிசே தேர்வார். தேர்வுக்குரிய ஒரு விதியாக மட்டுமே அதை இதுவரை கற்பித்து வந்தேன். அது ஏன் அப்படி வைக்கப்பட்டது என்பதை எல் சால்வடாரின் புதைகுழிகளும் கொசோவோவின் புல்வெளியும் எனக்கு விளக்கின.

இன்னொன்றையும் சொல்லாமல் முடிப்பது நேர்மையாகாது. பல ஆண்டுகளுக்கு முன், ஒரு மஹல்லாவின் பஞ்சாயத்தில் நானும் அமர்ந்திருந்தேன். வசதி படைத்த ஒருவரின் மகன், ஏழை இளைஞன் ஒருவனை அடித்துக் காயப்படுத்தியிருந்தான். பெரியவர்கள் கூடி, "ஊர்ப் பேரு கெட்டுடக் கூடாதுப்பா, மனசுல வச்சுக்காதே" என்று அந்த இளைஞனிடம் கூறி, இருவரையும் தழுவிக்கொள்ளச் செய்தனர். அடித்தவன் தன் பிழையை வாயால் ஒப்புக்கொள்ளக்கூட இல்லை. நான் துஆ ஓதி அவையை முடித்துவைத்தேன். அந்த இளைஞனின் முகம் இன்றும் என் கண்ணில் நிற்கிறது. அன்று நாங்கள் சமாதானம் செய்துவைத்ததாக எண்ணினோம். அவனிடமிருந்த உரிமையை நாங்களே எடுத்து, அவன் பெயரில் செலவழித்துவிட்டோம் என்பதை இப்போது உணர்கிறேன்.

நாடுகளை வன்முறைக்குள் தள்ளும் காரணங்கள் பல. நிலப் பறிப்பு, போர், துப்பாக்கிகள், வேலையற்ற இளமை, சிதறிய குடும்பங்கள் ஆகிய அனைத்துக்கும் பங்குண்டு. ஆனால் அநீதி இழைக்கப்பட்டவன் தட்டுவதற்கு ஒரு கதவு இருக்கும் ஊரில் இவை இவ்வளவு இரத்தத்தைச் சிந்துவதில்லை. ஈமான் அக்கதவுக்கு மாற்று ஆகாது. ஈமான் கொண்டவர்கள் கட்டவேண்டிய கதவு அது.

அந்த மாணவரை அடுத்த வகுப்பில் அழைத்து, என் விடை தவறென்று சொன்னேன். "அவர்கள் பிறக்கும்போது உன்னைப் போலத்தான் பிறந்தார்கள். அவர்களின் ஊரில் இரத்தம் சிந்தப்பட்டபோது, பெரியவர்கள் விசாரிக்காமல் விட்டுவிட்டார்கள்" என்றேன். அவர் சற்று யோசித்து, "நம்ம ஊர்ல விசாரிப்பாங்களா ஹஜ்ரத்?" என்று கேட்டார்.

"விசாரிக்க வேண்டும்" என்றேன்.

நீதியை நிலைநாட்டும் துணிவையும், பாதிக்கப்பட்டோரின் குரலை இறுதிவரை கேட்கும் பொறுமையையும் வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக. ஆமீன்.